ஹல் நகரத்துத் தேரைகள்: கவிஞர் லார்கினுக்காக ஒரு ஊர் தெருவுல வச்ச 40 சிலை

2010 ஜூலை 17-ஆம் தேதி இங்கிலாந்தோட கிழக்குப் பக்கம் இருக்கற ஹல் நகரத்துல 40 பெரிய தேரைங்க தெருவுக்கு வந்துச்சு. ஃபைபர்கிளாஸ்ல செஞ்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு ஓவியர் கையால பெயின்ட் அடிச்சு, அந்தக் கோடை முழுக்க ஊர்ல அங்கங்க உக்கார வச்சிருந்தாங்க. ஒரு தேரை மாதிரி இன்னொண்ணு இல்ல. எல்லாமே ஃபிலிப் லார்கின்ங்கற கவிஞருக்காக. அவர் இறந்து 25 வருஷம் ஆனதை ஒட்டி 'லார்கின்25'னு பேர் வச்சு மாசக்கணக்கா நடத்துன விழாவுல, ஜனங்க அதிகமா பார்த்ததும் பேசினதும் இந்தத் தேரைங்களைத்தான்.

பொதுக்கலைன்னு பேச்சு வந்தாலே நான் இந்த ஹல் கதையை எடுத்துருவேன், ஏன்னா ஒரு கவிஞரைத் தெருவுக்குக் கொண்டு வரதுல என்னல்லாம் சரியா அமையும், எங்க கை நழுவும்னு ரெண்டையும் இதுல பார்க்கலாம். அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

முதல்ல லார்கின் யாருன்னு. 1922-ல கோவென்ட்ரில பிறந்தவர், ஹல்ல பிறந்தவரே இல்ல. 1955 மார்ச்ல ஹல் பல்கலைக்கழக லைப்ரரியனா வேலைக்கு வந்தார், அதே வேலைல இருக்கும்போதே 1985 டிசம்பர் 2-ஆம் தேதி புற்றுநோயால இறந்துட்டார், வயசு 63. கிட்டத்தட்ட 30 வருஷம் ஒரே ஊர், ஒரே ஆபீஸ். அவர் காலத்துலதான் அங்க பெரிய புது லைப்ரரி கட்டடமே எழும்புச்சு, அதுக்கான திட்டம், கமிட்டி, பட்ஜெட்னு எல்லாத்துலயும் உக்காந்து வேலை பார்த்தவர். ராத்திரி வீட்டுக்கு வந்து கவிதை எழுதுவார். மொத்தமே நாலு மெலிசான கவிதைப் புத்தகம்தான், 1945, 1955, 1964, 1974-னு பத்து வருஷத்துக்கு ஒண்ணுங்கற கணக்குல. ஆனா அது போதும்னு ஆகிருச்சு, போருக்குப் பிந்தைய ஆங்கிலக் கவிதைல அவர் பேரைத் தாண்டிப் போகவே முடியாது. 1984-ல அரசவைக் கவிஞர் பதவி தேடி வந்தப்போ வேணாம்னுட்டார். ஊர்க்கோடில, ட்ரெயின் மாறி வரவேண்டிய தூரத்துல ஹல் இருக்கறதே அவருக்குப் பிடிச்சிருந்துச்சு, யாரும் லேசுல தேடி வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்கன்னு.

சரி, அவருக்கு எதுக்குத் தேரை?

வேலைங்கறது ஒரு தேரை மாதிரி என் வாழ்க்கை மேல ஏறி உக்காந்திருக்கே, அதை ஏன் நான் சகிச்சுக்கணும்னு கேட்டு 1954-ல ஒரு கவிதை எழுதினார். அப்ப அவர் ஹல்ல இல்ல, பெல்ஃபாஸ்ட்ல ஒரு லைப்ரரில இருந்தார். வாரத்துல ஆறு நாள் அது விஷத்தைக் கக்குது, எல்லாம் நாலு பில் கட்டறதுக்காகத்தானேன்னு புலம்பல். தேரை மோந்த தேங்காய்னு சொல்வோமே, வெளில பார்க்க முழுசா இருக்கும், உடைச்சா உள்ள பருப்பே இருக்காது, அந்த மாதிரி ஆயிட்ட ஒரு ஆபீஸ் ஆளோட குரல் அது. உங்க பென்ஷனை நீங்களே வச்சுக்கோங்கன்னு கத்திட்டுப் போயிரலாமான்னு ஆசைப்படறார், ஆனா தைரியம் வரல. ஏன் வரலைன்னு யோசிக்கும்போதுதான் கவிதை திரும்புது: எனக்குள்ளயும் ஒரு தேரை உக்காந்திருக்கு, கனமா, பனி மாதிரி சில்லுன்னு, அதுதான் என்னை விடமாட்டேங்குதுன்னு ஒத்துக்கறார். அப்போ வெளில ஒரு தேரை, உள்ள ஒரு தேரை.

எட்டு வருஷம் கழிச்சு, 1962-ல, ஹல்ல இருந்துக்கிட்டு இதுக்கு மறுபாதி மாதிரி இன்னொரு தேரைக் கவிதை எழுதினார். அப்ப அவர் குடியிருந்தது பியர்சன் பார்க்கைப் பார்த்த மாதிரி இருக்கற ஒரு வீட்டோட மேல் மாடில, 1956-லருந்து 1974 வரைக்கும் அங்கதான். இந்தக் கவிதைல அவர் பகல் நேரத்துல ஒரு பார்க்ல நடக்கறார், ஏரி இருக்கு, வெயில் இருக்கு, புல்லு இருக்கு, வேலைக்குப் போறதைவிட இது சுகமா இருக்கணும், ஆனா இல்ல. ஏன்னா அந்த நேரத்துல பார்க்ல யார் இருக்காங்கன்னு பார்க்கறார்: கை கால் நடுங்கற கிழவங்க, பதற்றம் புடிச்ச குமாஸ்தாங்க, விபத்துல அடிபட்டு இன்னும் தெளியாத ஆளுங்க, நீளக் கோட்டு போட்டுக்கிட்டு குப்பைத் தொட்டில துழாவறவங்க. வேலைங்கற தேரையை ஏமாத்திட்டு தப்பிச்சவங்க இவங்கதான்னா எனக்கு வேணாம்பா, என் மேஜைல ஃபைல் குவியட்டும், என் செக்ரெட்டரி ஃபோன் வந்திருக்கு சார்னு கூப்பிடட்டும்னு சொல்லி, கடைசில அந்தக் கிழட்டுத் தேரையோட கையைப் பிடிச்சுக்கிட்டே சுடுகாட்டு வழில நடக்கத் தயாராகிடறார். முதல் கவிதைல எதிரி, ரெண்டாவதுல துணை.

இந்த ரெண்டு கவிதையையும் வச்சுக்கிட்டுதான் 2010-ல ஹல்காரங்க தேரையைத் தேர்ந்தெடுத்தாங்க.

தெருவுல விலங்கு சிலை வைக்கற பழக்கம் அவங்க கண்டுபிடிச்சதில்ல. 1998-ல ஜூரிக்ல மாடு வச்சாங்க, 1999-ல சிகாகோல மாடு வச்சாங்க, அதுக்கப்புறம் உலகம் பூரா பரவிருச்சு. 2008-ல லிவர்பூல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரா இருந்தப்போ ஆடும் வாழைப்பழமும் கலந்த மாதிரி ஒரு வினோதப் பிராணி 125 எண்ணம் ஊர் முழுக்க நின்னுச்சு. 2010-லயே, தேரைக்குக் கொஞ்சம் முன்னாடி, லண்டன்ல யானைங்க. முறை எல்லா இடத்துலயும் ஒண்ணுதான்: சிற்பி ஒரு மூல வடிவம் செய்வார், அதுக்கு மோல்டு எடுப்பாங்க, மோல்டுல ரெசினும் கண்ணாடி நாரும் அடுக்கடுக்கா போட்டு ஒரே மாதிரி வெறும் வெள்ளை உருவங்கள் எடுப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கம்பெனியோ கடையோ பள்ளிக்கூடமோ ஸ்பான்சர். ஓவியர்கள் டிசைன் அனுப்புவாங்க, ஸ்பான்சர் தனக்குப் பிடிச்சதை எடுத்துக்குவார். பெயின்ட் காஞ்சதும் மழைக்கும் பசங்க ஏறி மிதிக்கறதுக்கும் தாங்கற மாதிரி வார்னிஷ், தூக்கிட்டுப் போகாம இருக்க கனமான பீடம். அப்புறம் மேப் அச்சடிச்சு எல்லாத்தையும் தேடிப் போய் பாருங்கன்னு விட்டுருவாங்க. சீசன் முடிஞ்சதும் ஏலம்.

தேரை இந்த முறைக்கு அச்சாப் பொருந்தற உருவம், அதைச் சொல்லியே ஆகணும். அகலமான முதுகு இருந்தா ஓவியருக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும். தரையோட படிஞ்சு உக்காந்திருக்கறதால கவிழாது, ஒல்லியான காலோ கொம்போ உடையறதுக்கு இல்ல. மூணு வயசுக் குழந்தை கூட முகத்துக்கு முகம் பார்க்கலாம், தலைல தட்டலாம். குதிரை மேல உக்காந்த தலைவர் சிலைகிட்ட இதெல்லாம் நடக்காது.

ஆனா மத்த ஊர் மாட்டுக்கும் யானைக்கும் ஹல் தேரைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. சிகாகோல மாடு நின்னதுக்கு பதிலா அங்க ஒரு ஒட்டகம் நின்னிருந்தாலும் யாருக்கும் எதுவும் குறைஞ்சிருக்காது. ஹல் தேரையை மாத்த முடியாது, அது கவிதைக்குள்ள இருந்தே எழுந்து வந்தது. கவிஞரோட மூஞ்சியை 40 தடவை வைக்காம அவர் கற்பனைல பிறந்த ஒரு உயிரை வச்சாங்க பாருங்க, அதுதான் இந்தத் திட்டத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச முடிவு. ஒரு கவிஞர்கிட்ட ஊருக்கு மிஞ்சறது அவர் எழுதினதுதானே, அதுல ஒரு துண்டை எடுத்துத் தெருவுல வச்சா அது மரியாதைதான்.

இன்னொரு விஷயமும் இதோட சேர்ந்திருக்கு. 1992-ல லார்கினோட கடிதங்கள் புத்தகமா வந்துச்சு, 1993-ல அவர் வாழ்க்கை வரலாறு வந்துச்சு. அதுல தெரிஞ்ச ஆள் வேற மாதிரி இருந்தார். நண்பர்களுக்கு எழுதின கடிதங்கள்ல இனவெறிப் பேச்சு, பொண்ணுங்களைப் பத்திக் கேவலமான பேச்சு. நம்மள மாதிரி நிறமுள்ள ஆளுங்க அவர் நாட்டுக்குக் குடிவந்ததைப் பத்தி அவர் எழுதினதைப் படிச்சா மனசு கசக்கும், எனக்கும் கசந்துச்சு, இப்பவும் கசக்குது. கவிதை பிடிக்குங்கறதுக்காக அதை மூடி மறைக்க நான் தயாரா இல்ல. பிரிட்டன்ல அப்ப பெரிய சண்டையே நடந்துச்சு, அவரைப் பாடத்துல வைக்கலாமா வேணாமான்னு. 17 வருஷம் கழிச்சு ஒரு ஊர் இவருக்கு விழா எடுக்கும்போது ஆளைக் கொண்டாடறதா எழுத்தைக் கொண்டாடறதாங்கற கேள்வி வந்தே தீரும். தேரை எழுத்து பக்கம் நின்னுச்சு. அது வேணும்னே எடுத்த முடிவான்னு நான் சொல்லல, ஆனா விளைவு அப்படித்தான் ஆச்சு. அந்த மனுஷனைப் பிடிக்காதவங்களும் பசங்களைக் கூட்டிக்கிட்டுத் தேரை தேடிப் போகலாம்.

இப்ப குறைக்கு வரேன். தேரை தெருவுக்கு வந்ததும் அதோட விஷம் போயிருச்சு.

கவிதைல அது அருவருப்பா இருக்கணும், கனமா இருக்கணும், நெஞ்சு மேல ஏறி அழுத்தணும். தெருவுல அது பளபளன்னு கலர் அடிச்சு, கட்டிப்பிடிச்சு ஃபோட்டோ எடுத்துக்கற செல்லப் பொம்மை ஆயிருச்சு. ஓவியர்கள் மேல தப்பு சொல்ல மாட்டேன், குடும்பத்தோட பார்க்க வர ஒரு கோடைத் திருவிழால யாரும் வாழ்க்கையை உறிஞ்சற ஜந்துவைச் செஞ்சு வைக்க முடியாது, ஸ்பான்சரும் அதுக்குக் காசு தர மாட்டார். அந்த முறைலயே சந்தோஷம்தான் எதிர்பார்ப்பு. ஆனா அந்தச் சந்தோஷத்துல, எல்லாத் தேரையையும் பார்த்து முடிச்ச ஒரு குடும்பம் வேலையைப் பத்தி ஒரு வரி கூட யோசிக்காம வீட்டுக்குப் போயிரலாம். எனக்கு வருத்தமே அதுலதான், ஏன்னா வேலையைப் பத்திப் பேச ஹல்லைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்கறது கஷ்டம்.

ஹல் ஒரு மீன்பிடி ஊர். ஹெஸில் ரோடு பக்கம் தலைமுறை தலைமுறையா ட்ராலர்காரங்க குடும்பங்கள் இருந்துச்சு, ஐஸ்லாந்து கடல் வரைக்கும் போய் வாரக்கணக்குல பனில நின்னு மீன் பிடிச்சவங்க. 1968 ஆரம்பத்துல சில வாரத்துக்குள்ள மூணு ட்ராலர் அடுத்தடுத்து மூழ்கி 58 பேர் செத்தாங்க. அந்த ஊர்ப் பொம்பளைங்க ரோட்டுல இறங்கி, துறைமுகத்துல போய் நின்னு, லண்டன் வரைக்கும் போய் மந்திரிங்களைப் பார்த்து, ரேடியோ ஆபரேட்டர் இல்லாம கப்பல் கிளம்பக் கூடாதுன்னு சண்டை போட்டு ஜெயிச்சாங்க. லார்கின் அதே ஊர்ல, சில மைல் தள்ளி, லைப்ரரில உக்காந்திருந்த வருஷங்கள் இது. உயிரையே எடுக்கற வேலை. அப்புறம் 1976-ல ஐஸ்லாந்துகூட நடந்த மீன் தகராறு முடிஞ்சு 200 கடல் மைல் எல்லை வந்ததும் ஹல்லோட தூரக்கடல் தொழிலே படுத்துருச்சு. கொல்ற வேலை போய், வேலையே இல்லாத காலம் வந்துச்சு. 2003-ல வந்த ஒரு புத்தகம் பிரிட்டன்லயே மோசமான ஊர்னு ஹல்லுக்கு முதலிடம் கொடுத்து அசிங்கப்படுத்துச்சு, அந்தக் காயம் 2010-ல ஊருக்குள்ள இன்னும் ஆறல.

இதையெல்லாம் வச்சுக்கிட்டு அந்த ரெண்டாவது கவிதையைத் திரும்பப் படிங்க. பகல்ல பார்க்ல திரியற, போக வேலை இல்லாத ஆளுங்க. தேரை மேல உக்காந்திருந்தா மூச்சு முட்டும், தேரை எழுந்து போயிட்டா அதைவிட பயமா இருக்கும். இந்த ரெண்டு அனுபவத்தையும் ஹல் ஜனங்க உடம்பால தெரிஞ்சுக்கிட்டவங்க. மூடிப்போன மீன் டாக் பக்கம் ஒரு தேரையை உக்கார வச்சு, பழைய ட்ராலர்காரங்க கிட்ட பேசி, அவங்க சொன்னதை அந்தத் தேரை முதுகுல எழுதியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு எனக்கு அடிக்கடி தோணும். வேலைவாய்ப்பு ஆபீஸ் வாசல்ல ஒண்ணு. ஆஸ்பத்திரி வாசல்ல அந்தப் பார்க் கவிதையோட ஒண்ணு. கலர் எவ்வளவு பிரகாசமா இருந்தாலும் அப்ப அது லார்கினோட தேரையா இருந்திருக்கும்.

ஏலத்துக்கு அப்புறம் தேரைங்க பிரிஞ்சு போயிருச்சு. வாங்கினவங்க கிட்டப் போனதுல சிலது இன்னும் ஊருக்குள்ள பார்க்கக் கிடைக்குது, ஆனா ஒரு பாதையா, வரிசையா இருந்தது கலைஞ்சாச்சு. தெருச்சிலைத் திட்டம் பெரும்பாலானதுக்கும் இதே முடிவுதான், காசுல ஒரு பங்கு அதுலருந்துதான் வரணும்.

அந்த விழாவோட கடைசி நாள்தான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. 2010 டிசம்பர் 2, அவர் இறந்து சரியா 25 வருஷம். ஹல் பாராகன் ரயில்வே ஸ்டேஷனுக்குள்ள லார்கினோட வெண்கலச் சிலையைத் திறந்தாங்க. செஞ்சவர் மார்ட்டின் ஜென்னிங்ஸ், செலவு 1,00,000 பவுண்டு, விழா நடத்தியும் ஏலம் விட்டும் திரட்டின பணம், நகராட்சியும் கை கொடுத்துச்சு. ஆள் உயரத்தைவிடப் பெரிய சிலை. ஆனா பீடத்து மேல ஏத்தி வைக்கல, பயணிங்க நடக்கற அதே தரைல நிக்குது. நிக்குதுன்னு கூட சொல்ல முடியாது, ஓடுது. உடம்பு முன்பக்கமா சாஞ்சு, கோட்டு போட்டு, கைல கவிதைத் தாளோட, ட்ரெயினைப் பிடிக்க அவசரமா போற வழுக்கைத்தலை, கண்ணாடி போட்ட மனுஷன். காலடில அவர் வரி ஒண்ணு பொறிச்சிருக்கு, அந்த விட்ஸன் பண்டிகைக்குக் கிளம்ப லேட் ஆயிருச்சுங்கற பொருள்ல. அவரோட புகழ்பெற்ற ரயில் கவிதையோட ஆரம்பம் அதுதான், ஹல்லருந்து லண்டனுக்குப் போற ட்ரெயின்ல வழி நெடுக ஸ்டேஷன் ஸ்டேஷனா கல்யாண ஜோடிங்க ஏறறதைப் பார்த்து எழுதினது. அந்தப் பயணம் கிளம்பின ஸ்டேஷன்லயே சிலை. பக்கத்துல இருக்கற ராயல் ஹோட்டலைப் பத்தியும் அவர் ஒரு கவிதை எழுதியிருக்கார். இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவங்க கவிதையை நல்லா படிச்சவங்கன்னு பார்த்ததும் புரியும்.

இதே ஜென்னிங்ஸ்தான் லண்டன் செயின்ட் பான்க்ரஸ் ஸ்டேஷன்ல கவிஞர் ஜான் பெட்ஜமன் சிலையும் செஞ்சார், 2007-ல. பெட்ஜமன் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கிட்டு நிப்பார். இந்த ரெண்டு கவிஞரும் நேர்ல பழகினவங்க, 1964-ல பிபிசிக்காக ஹல் தெருவுல ரெண்டு பேரும் சேர்ந்து நடந்து பேசினதைப் படம் பிடிச்சாங்க, அந்தப் படத்துக்கு வச்ச பேரே தேரைக் கவிதையோட கடைசி வரில இருக்கற சுடுகாட்டுத் தெருதான். இப்ப ஒரு ஸ்டேஷன்ல ஒருத்தர் ஓடறார், இன்னொரு ஸ்டேஷன்ல இன்னொருத்தர் நிக்கறார்.

2011-ல சிலைக்குப் பக்கத்துல தரைலயே அவர் கவிதைகள் இருக்கற அஞ்சு வட்டப் பலகை பதிச்சாங்க. லார்கின் பாதைன்னு ஒண்ணும் போட்டாங்க, அவர் குடியிருந்த பியர்சன் பார்க், வேலை பார்த்த லைப்ரரி, அந்த ஹோட்டல்னு ஆரம்பிச்சு ஊருக்கு வெளில கடல் வரைக்கும் போற பாதை. இதுல கலர் கிடையாது, ஃபோட்டோ எடுக்கப் பெருசா ஒண்ணும் கிடையாது. ஆனா படிக்கறதுக்கு வார்த்தை இருக்கு. ட்ரெயினுக்குக் காத்திருக்கற ஒருத்தர் சூட்கேஸை வச்சுட்டுக் குனிஞ்சு நாலு வரி படிப்பார். 40 தேரை செய்யாத வேலையை அந்த அஞ்சு பலகை செய்யுதுன்னு நான் நினைக்கறேன். அதே நேரம் தேரை இல்லாம நேரா பலகை வச்சிருந்தா எத்தனை பேர் குனிஞ்சிருப்பாங்கங்கறதும் சந்தேகம்தான். ஊருக்குள்ள ஒரு கோடை முழுக்க லார்கின் லார்கின்னு பேர் அடிபட்டதுக்கு அப்புறம்தான் ஸ்டேஷன்ல சிலை வந்துச்சு, அப்ப யாருப்பா இந்தக் கண்ணாடிக்காரர்னு கேக்கற நிலைமை இல்ல.

ஹல்லுக்கு இந்த மாதிரி நடந்து பார்க்கற கலை புதுசும் இல்ல. 1992-லயே கார்டன் யங்ங்கற கலைஞர் ஊர் நடைபாதைல ஆங்கில எழுத்து வரிசைப்படி மீன் மீனா பதிச்சு ஒரு பாதை போட்டிருந்தார், இன்னைக்கும் பசங்க காலால தேடிக்கிட்டே போறாங்க. அது ஊரோட தொழிலை நேரடியாத் தொட்ட கலை, ஏலத்துல போகாத கலை.

தேரைல கத்துக்கிட்டதை ஊர் விட்டுடல. 2016-ல ஹல்ல பிறந்த விமானி ஏமி ஜான்சனுக்கு விழா எடுத்தப்போ அந்துப்பூச்சி வச்சாங்க, ஏன்னா 1930-ல அவங்க தனியா இங்கிலாந்துலருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஓட்டிக்கிட்டுப் போன விமானத்தோட ரகமே ஜிப்ஸி மாத், அதாவது அந்துப்பூச்சிப் பேர்தான். மறுபடியும் மூஞ்சியை விட்டுட்டு அவங்க வாழ்க்கையோட ஒட்டின ஒரு உயிரைத் தேடி எடுத்திருக்காங்க. அதுலயும் சிலது சீசன் முடிஞ்சும் சுவத்துலயே தங்கிருச்சு. அடுத்த வருஷமே, 2017-ல, ஹல் பிரிட்டனோட பண்பாட்டு நகரமா இருந்துச்சு.

வேற எந்த ஊராவது தன் கவிஞருக்கு இப்படி ஒரு பாதை போட நினைச்சா நான் கேக்கறது ரெண்டுதான். ஒவ்வொரு சிலையோட பீடத்துலயும் அந்தக் கவிதையோட நாலு வரியாவது, குழந்தை கண்ணுக்கு எட்டற உயரத்துல, பெரிய எழுத்துல இருக்கணும். ஸ்பான்சர் பேர் எவ்வளவு பெருசா இருக்கோ அதைவிடப் பெருசா இருக்கணும். அப்புறம் ஏலத்துக்கு விடறதுக்கு முன்னாடியே ஒண்ணு ரெண்டு சிலையை எடுத்து, அந்தக் கவிதை நிஜமா யாரைப் பத்திப் பேசுதோ அவங்க வந்துபோற இடத்துல நிரந்தரமா வச்சிரணும். ஹல்ல அது பியர்சன் பார்க்கா இருந்திருக்கலாம், ஹெஸில் ரோடா இருந்திருக்கலாம்.